அடிபட்டது எந்தப் பக்கம் போனது?

அன்புள்ள ஐயா,

காடு பற்றிய உங்கள் கட்டுரைகளைக் கல்லூரி நாட்களிலிருந்து படித்து வருகிறேன். அண்மையில், இமயமலையின் குமாவூன் பகுதியில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டை முழுவதுமாகப் படித்து முடித்தேன். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை அவர் ஒரே குண்டில் சாய்த்த இடத்தில் மெய்சிலிர்த்தது. அவர் வைத்திருந்த .275 ரிக்பி, .450/400 இரட்டைக்குழல், இந்த இரண்டு ரைஃபிள்களில் எது சிறந்தது என்று நினைக்கிறீர்கள்? வேட்டைக்காரர்கள்தாம் காட்டைக் காப்பாற்றினார்கள் என்பது என் கருத்து. கேரளத்தைப் போல இங்கும் உரிமம் உள்ளவர்கள் காட்டுப்பன்றியைச் சுட அனுமதித்தால் என்ன? தளிப் பக்கம் எங்கள் தாத்தா நிலத்தில் விளைகிற கேழ்வரகிலும் நிலக்கடலையிலும் பாதி பன்றிக்குத்தான் போகிறது. போன வாரம்கூடக் காவலுக்கு இருப்பவர் அவுட்டுக்காய் என்கிற வெடி வைத்தார். வெடித்தது, ஆனால் பன்றி தப்பிவிட்டது. காட்டில் தங்கிப் பழகும் வாழ்க்கையே எங்கள் தலைமுறைக்கு இல்லாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகன், ஓசூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பல நாட்களாக நான் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் ஒன்று அதில் இருக்கிறது. நீங்கள் கேள்வியாகக் கேட்ட எதிலும் அது இல்லை. போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. அங்கே வருகிறேன்.

முதலில் ரைஃபிள். எது சிறந்தது என்ற பேச்சில் எனக்கு ஆர்வம் இல்லை. .275 இலேசானது, மலையில் நாள் முழுவதும் தூக்கி நடக்கலாம். இரட்டைக்குழல் கனமானது, நெருக்கத்தில் பாய்ந்து வருவதை நிறுத்தும். இவ்வளவுதான். அந்தச் சிறிய ரைஃபிள், கார்பெட் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. ஆகவே அந்தப் புலியை அவர் அதனால் சுட்டிருக்க முடியாது என்பதையாவது நீங்கள் கவனித்திருக்க வேண்டும்.

"ஒரே குண்டில் சாய்த்த இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கத்தில் படித்தீர்கள்? எனக்குக் கோபம் வந்தது உண்மை. 1907. நேபாளத்தில் 200, குமாவூனில் 236, ஆக 436 பேரைக் கொன்ற பெண்புலி. ஏறக்குறைய முந்நூறு கிராமத்தார் மலையுச்சியிலிருந்து தம்பட்டம் அடித்தும் கல் உருட்டியும் அதைக் கீழே விரட்டுகிறார்கள். கார்பெட்டின் கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகும் புலி விழவில்லை. அவர் ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து, இருபதடி தொலைவில் நின்று அதன் திறந்த வாய்க்குக் குறிவைக்கிறார். குண்டு வாயில் படவில்லை, முன்னங்காலில் பட்டது. புலி ஏற்கெனவே பட்ட காயத்தால் செத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் குறி தவறியதை மறைக்காத மனிதரை நீங்கள் சினிமாக் கதாநாயகனாக்கிவிட்டீர்கள். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அந்தக் காட்சிக்குப் பிறகு வரும் பத்தியை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். செத்த புலியின் வாயைப் பற்றி எழுதுகிறார். வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருக்கிறது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரைக்கும் இல்லை. பழைய துப்பாக்கிக் காயம். இரையைக் கவ்விக் கொல்ல முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது அவர் முடிவு.

எனக்கு அந்தப் பத்திதான் முழுக் கதையும். யாரோ ஒருவன் என்றோ ஒருநாள் சுட்டான். புலி விழவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. 436 பேரும் அவன் கணக்கில் சேர வேண்டியவர்கள்.

முக்தேசரில் கார்பெட் சுட்ட பெண்புலிக்கு ஒரு கண் இல்லை, காலில் சுமார் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் ஏறியிருந்தன. அது இயற்கையாக நேர்ந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. 1938-ல் தாக் கிராமத்தில் அவர் கொன்ற கடைசி ஆட்கொல்லியின் உடம்பிலோ இரண்டு பழைய துப்பாக்கிக் காயங்கள், அதில் ஒன்று சீழ்பிடித்தது. மறுபடியும் யாரோ ஒருவன் சுட்டுவிட்டுப் போயிருக்கிறான். சிறுத்தை விஷயத்தில் அவர் வேறு காரணம் சொல்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில் பிணங்களை முறையாக எரிக்க ஆளில்லாமல், பிணத்தின் வாயில் எரியும் கரித்துண்டு ஒன்றை வைத்துச் சடங்கை முடித்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். பிணம் தின்னப் பழகிய சிறுத்தை, நோய் அடங்கிப் பிணம் கிடைக்காதபோது வீட்டுக் கதவைச் சுரண்டுகிறது. ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918-ல், விஷக்காய்ச்சல் ஆண்டில்தான், தொடங்கியது. 1926 மே மாதம் சாகும்வரை அரசுக் கணக்கில் 125 பேர்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த சங்கதி மட்டும் இல்லை. சொல்கிறேன்.

1969. எனக்குப் பதினோரு வயது. அஞ்செட்டிக்குப் பக்கத்தில் பெரியப்பாவுக்கு நிலம் இருந்தது. பன்னிரண்டு போர் அளவு ஒற்றைக்குழல் துப்பாக்கி, உரிமம் உண்டு. அவரைப் போலக் காடு தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. காலடித் தடத்தின் விளிம்பில் மண் உதிர்ந்திருப்பதைப் பார்த்து, போனது இரவிலா விடியலிலா என்று சொல்வார். மயிலும் மந்தியும் கத்துவதைக் கேட்டுச் சிறுத்தை எந்தச் சரிவில் நடக்கிறது என்று சொல்வார். எனக்கு நெருப்பு மூட்டவும், காற்றுக்கு எதிரே நடக்கவும், மூச்சை அடக்கி உட்காரவும் கற்றுக்கொடுத்தவர். அவர் மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. அதனால்தான் இதைச் சொல்ல இத்தனை ஆண்டு ஆயிற்று.

நிலக்கடலை முற்றியிருந்த மாதம். பரணில் அவர் பக்கத்தில் நான். நல்ல நிலா. ஒற்றைப் பன்றி, பெரிய ஆண், ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தது. இன்னும் நெருங்கட்டும் என்று அவர் காத்திருக்க வேண்டும். சிறு ஈயக் குண்டுகள் நிறைந்த ரவைத் தோட்டாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழலை விட்டுப் போகப் போக ரவை விரியும், வேகம் குறையும். முப்பது கஜத்தில் கொல்வது ஐம்பது கஜத்தில் புண்ணாக்கும். அன்று பன்றி தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. எங்கே திரும்பிவிடுமோ என்று சுட்டுவிட்டார். வீறிட்டது, ஒருமுறை சுழன்றது, ஓடையின் உண்ணிப் புதருக்குள் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கடலை இலைகளில் இரத்தம், கூடவே ஒரு சில்லு எலும்பு.

இரவில் புதருக்குள் நுழைய முடியாது, அது சரி. விடிந்ததும் போயிருக்க வேண்டும். விடிந்ததும் அவருக்குக் கோர்ட்டில் வாய்தா. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். மறுநாள் வேறு வேலை. "எங்காவது போய்ச் செத்திருக்கும்" என்றார். நானும் அப்படியே நம்பினேன்.

நான்காம் நாள் ஓடையில் விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணைப் பன்றி தொடையில் கிழித்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போனதை நான் பார்த்தேன். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. மறுநாள் ஊரார் நாய்களோடு போய் அந்தப் பன்றியைக் குத்திக் கொன்றார்கள். கீழ்த்தாடை உடைந்து தொங்கியது, புழு வைத்திருந்தது. நான்கு நாட்களாக அது எதையும் தின்றிருக்க முடியாது.

பெரியப்பா மருத்துவச் செலவைக் கொடுத்தார். ஆண்டுதோறும் தை மாதம் ஒரு மூட்டை கேழ்வரகும் கொண்டுபோய் இறக்குவார். முதல் முறை நானும் வண்டியில் போனேன். அவள் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், சாபம் விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது இதுதான்: "சுட்டதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, சாமி. அடிபட்டது ஓடைப் பக்கம் போயிருக்கிறது என்று ஊரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் விறகுக்குக் கரட்டுப் பக்கம் போயிருப்பேன்."

பெரியப்பா பதில் பேசவில்லை. திரும்பி வரும் வழியிலும் பேசவில்லை. அவர் வேட்டையை விட்டுவிட்டார் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். விடவில்லை. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் துப்பாக்கி ஆணியில் ஏறியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், சுட்டது விழவில்லை என்றால், விடியுமுன் சுற்றியுள்ள மூன்று ஊருக்கும் ஆள் அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். கோர்ட்டு, கல்யாணம், எதுவானாலும் பிறகுதான். ஒருமுறை இரண்டு நாள் ஒரு பன்றியின் பின்னால் நடந்தார். இரத்தம் நின்றுபோன இடத்தில் வெள்ளைத் துணித் துண்டை முள்ளில் கட்டிவிட்டு, அதிலிருந்து வட்டம் போட்டுத் தேடினார். நான் தண்ணீர் சுமந்தேன். வேட்டை என்பது என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு நாளில்தான்.

கார்பெட் சிறுவனாக இருந்தபோது கிடைத்த முதல் துப்பாக்கி பற்றிப் படித்தீர்களா? இரட்டைக்குழல், வாய்வழியாக மருந்து கெட்டிப்பது. ஒரு குழல் வெடித்துப் பிளந்துபோனது, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியது. ஒரே குழல், எண்ணி வைத்த மருந்து. வீணாக்கக் கூடாது என்ற கட்டாயத்தில்தான் அந்தப் பையன் நெருங்கிப் போகக் கற்றான், நிச்சயம் இல்லாதபோது விரலை எடுக்கக் கற்றான். எந்த ரைஃபிள் சிறந்தது என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் அதுதான்.

வேட்டைக்காரர்கள் காட்டைக் காப்பாற்றினார்களா என்பது பெரிய வழக்கு, இன்று வேண்டாம். கார்பெட் கடைசியில் துப்பாக்கியை விடக் கேமராவை விரும்பினார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேரளத்தில் 2022 முதல் பன்றியைச் சுட அனுமதிக்க உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த அதிகாரம் பற்றி உழவர்கள்தாம் பேச வேண்டும். பயிரை இழப்பவனின் வயிற்றெரிச்சலை நான் சிறிதாக எண்ணவில்லை. காட்டில் தங்க ஆசை என்றால் உங்கள் வாசலிலேயே தொடங்குங்கள். குமாவூனைப் படித்து உருகுகிறீர்கள். வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் தோளில் ரைஃபிளோடு நடந்த ஜவளகிரிக் காடு உங்கள் தாத்தா நிலத்துக்கு அடுத்து இருக்கிறது.

இனி அந்த வரி. "வெடித்தது, ஆனால் பன்றி தப்பிவிட்டது."

தம்பி, அது தப்பவில்லை. தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கிற அந்தக் காய் வாய்க்குள் வெடிக்கிறது. தாடை போகும், நாக்கு போகும். உயிர் உடனே போகாது. 2020 மே மாதம் பாலக்காட்டில் ஒரு சினை யானை அப்படி வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை நனைத்தபடி நின்று செத்ததை நாடே பார்த்தது. மேய்ச்சலில் இருக்கும் பசுவின் வாயிலும் அது வெடிக்கும். பெரியப்பா பரணில் கண்விழித்து உட்கார்ந்திருந்தார், சுட்டது யாரென்று அவருக்கும் ஊருக்கும் தெரிந்தது. அவுட்டுக்காய் வைத்தவன் வீட்டில் தூங்குகிறான். வேட்டைக்காரனே இல்லாத வேட்டை அது. சட்டப்படி குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், கார்பெட்டைப் படித்து மெய்சிலிர்த்த அதே கையால் அந்த வரியை எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு வாரம் ஆகிவிட்டது என்று தெரிகிறது. இருந்தாலும் இன்றே ஊருக்குப் போங்கள். காவலாளியிடம் கேளுங்கள், வேறு காய் எங்கெல்லாம் வைத்திருக்கிறார் என்று. ஒன்றையும் யாரும் கையால் தொட வேண்டாம், வனத்துறையை அழைத்துச் சொல்லுங்கள். தாத்தாவுக்குச் சங்கடம் வரும், வரட்டும். பக்கத்துத் தோட்டங்களில் ஆடு மேய்ப்பவர்கள், விறகுக்குப் போகிறவர்கள், பள்ளிக்குக் குறுக்கு வழியில் நடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள், அது எந்தப் பக்கம் போனது என்று.

அன்புடன்.