முதுகலைக்கு இடைநிலைக் கல்வியா, சமூகவியலா?

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராக இருக்கும் நீங்கள், முதுகலைக்கு இடைநிலைக் கல்வியை எடுப்பதா, சமூகவியலை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே வட்டாரத்தில் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாகக் கல்வியியல் முதுகலை முடித்தவள். என் பதில்: கல்வியியல் துறையில் பதிந்துகொள்ளுங்கள், ஆய்வேட்டின் கேள்வியைச் சமூகவியலிலிருந்து எடுங்கள்.

இரண்டும் உறவுத் துறைகள்தாம். பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முன்னோடி எமில் துர்கைம் வகித்த பேராசிரியர் பதவிக்கே 1913இல் ‘கல்வி அறிவியலும் சமூகவியலும்’ என்று பெயர் சூட்டினார்கள்.

நம் ஊருக்கு இந்தச் சேர்க்கை ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வந்ததே தொழிலாளர் சட்டத்தின் வழியாகத்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டம். இன்றும் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதலாண்டில், நுழையும் பிள்ளைக்குப் பாடமொழி மலாயாக மாறுகிறது. மலாயில் தேறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கூடுதலாகக் கழித்த கதை பல குடும்பங்களில் உண்டு. கற்பித்தல் முறையை மட்டும் படித்தால் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் நமக்குத் தெரியும். ஆண்டுதோறும் அதே லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளே ஏன் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள் என்பது தெரியாது.

1966இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. என்னை உலுக்கியது அதைவிடச் சிறிய ஆய்வு. இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரில் 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களோடு பழகி, பால் வில்லிஸ் 1977இல் வெளியிட்டது. அந்தப் பையன்கள் மந்தமானவர்கள் அல்லர். பள்ளி தரும் வாக்குறுதி தங்களுக்கு இல்லை என்று கண்டுகொண்டு அதை எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பே அவர்களை அப்பாவின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படித்தபோது நம் படிவம் நான்கு பையன்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஆனால் வில்லிஸை அப்படியே நம் தோட்டத்துக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே மகனுக்கு அப்பாவின் வேலை காத்திருந்தது. இங்கே பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின, குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பாவின் வேலையே இல்லாத பையன் பள்ளியை எதிர்த்துவிட்டு எங்கே போகிறான்? முதுகலை ஆய்வுக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் பேராவிலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, பினாங்கும் தூரமில்லை. வேலையில் இருப்பவருக்குப் பாடங்களும் ஆய்வும் கலந்த முறைதான் ஏற்றது. பாடங்கள் உங்களை வாசிக்க வைக்கும், சிறிய ஆய்வு உங்களைக் களத்துக்கு அனுப்பும்.

பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதியும், பிறகு மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டும். அதற்கான காலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைத் தமிழிலும் எழுதுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் வகுப்பு மாணவர்களைப் பேட்டி எடுக்க வேண்டாம். ஆசிரியர் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. அப்படிக் கிடைக்கும் பதிலும் ஆசிரியருக்குச் சொல்லும் பதிலாகவே இருக்கும். பக்கத்துப் பள்ளிக்குப் போங்கள்.

விண்ணப்பிக்கும் முன்பே, களப்பணி செய்த அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளருக்கு உங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ‘இந்திய மாணவர்களின் கல்விப் பின்னடைவு’ என்று அகலமாக எழுதினால் யாருக்கும் பிடி கிடைக்காது. ‘தோட்டத்திலிருந்து வந்த பையன்கள் படிவம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் பள்ளியைவிட்டு நிற்க எப்படி முடிவெடுக்கிறார்கள்’ என்று எழுதுங்கள்.