மண்டபத்தில் தெருவுக்குள் ஓட்ட, முதுகு வலிக்காத சைக்கிள் எது? கியர் வேண்டுமா?

கியர் வேண்டாம். நம் பக்கம் பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் மேடு எங்கே இருக்கிறது? எதிர்க்காற்று தொல்லைதான், ஆனால் தெருவுக்குள் ஓட்ட ஒற்றை வேகமே போதும். முன் சஸ்பென்ஷனும் வீண் எடை.

முதுகுக்கு முக்கியம் அளவு. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கும். சீட்டைத் தாழ்வாக வைத்தால் முட்டி வலிக்கும். கைப்பிடி சீட்டைவிட 2 அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். நிமிர்ந்து உட்காரும்போது எடையில் பெரும்பகுதி பின்புறத்தில் இறங்குவதால் சீட் அகலமாக வேண்டும். கைலியோ சேலையோ கட்டுபவர்களுக்கு நடுக்கம்பி தாழ்ந்த ஃபிரேம்தான் வசதி. அதை 'லேடீஸ் சைக்கிள்' என்று ஒதுக்க வேண்டாம்.

டயர் 1.75 முதல் 2 அங்குல அகலம். மெல்லிய டயர் மணலில் புதையும். சீமைக்கருவேல முள் குத்தினால், டியூப் ஒட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். ஒடிந்த முனை உள்ளே இருந்தால் மறுநாளே மீண்டும் பஞ்சர்.

நம் ஊரில் சைக்கிளைத் தின்பது உப்புக்காற்று. கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள்: ரிம்மில் ஒட்டினால் அது இரும்பு, ஒட்டாத அலுமினிய ரிம்மைக் கேளுங்கள். செயினுக்கு முழு கவர் அவசியம். சீட் கம்பியை உருவி கிரீஸ் தடவிச் செருகச் சொல்லுங்கள், இல்லையேல் துருவேறி இறுகிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். வழியும் எண்ணெயில் மணல் ஒட்டும்.