வாசகர் கேள்வி – பதில்: குறுகிய ஏற்றமும் அதன் இறக்கமும்

கேள்வி: ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து மொரிஷியஸுக்கு என் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். அண்ணனுக்கு 58 வயது; அண்ணிக்கு முழங்கால் வலி; பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். கடற்கரையை மட்டும் காட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி, செங்குத்தாக இருந்தாலும் தூரம் குறைவான, கண்ணுக்கு நிறைவான மலைப்பாதை ஒன்றைச் சொல்லுங்கள். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் இருக்கும், நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கே அழைத்துப் போகலாமா? அண்ணிக்குப் பாம்பு பயமும் உண்டு.
— ஒரு சகோதரி, கத்ர் போர்ன்

பதில்: முதலில் அண்ணியின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் தீவில் நச்சுப் பாம்பு கிடையாது. மனிதரைத் தாக்கும் காட்டு விலங்கும் இல்லை. காட்டுப்பாதையில் அவர் கவனிக்க வேண்டியது, 'முஷ் ஜோன்' என்று நாம் சொல்லும் மஞ்சள் குளவியை. உள்ளங்கை அகலத்தில், காகிதத்தால் செய்தது போன்ற சாம்பல் நிறக் கூட்டை அது புதர்களின் இலை மறைவில், இடுப்பு உயரத்திலேயே கட்டியிருக்கும். ஏற்றத்தில் பிடிமானத்துக்காக நாம் கை நீட்டுவதும் அதே உயரத்தில்தான். ஆகவே கிளையைப் பிடிக்கும் முன் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இனி சிகரம். பெத்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர் உயரமுடையது. அதற்கு மேல் நம் நாட்டில் நிலம் இல்லை. 1994-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 6,500 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் விரிந்திருக்கும் அந்தப் பூங்காவை உங்கள் அண்ணன் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். 1974-இல் காட்டில் நான்கே நான்கு பறவைகள்தாம் எஞ்சியிருந்தன என்று கணக்கிடப்பட்ட மொரிஷியஸ் வல்லூறு, அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டு இன்று அந்த வானத்தில் வட்டமிடுகிறது. ஆனாலும் ஆகஸ்டில், முழங்கால் வலி உள்ள ஒருவரோடு அந்தச் சிகரத்துக்குப் போக நான் சொல்லமாட்டேன். ஷமரேல் சாலையிலிருந்து தொடங்கும் பாதை வெகுதூரம் மேடும் பள்ளமுமாகக் காட்டுக்குள் சுகமாகவே செல்கிறது. கடைசிப் பகுதிதான், வேர்களையும் கட்டியிருக்கும் கயிற்றையும் பிடித்து ஏற வேண்டிய செங்குத்து. நம் குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் தூறல் பிளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலத்தை நாள்கணக்கில் ஈரமாக வைத்திருப்பதால், அந்தப் பகுதியின் மண் வழவழத்துப் போயிருக்கும். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழுவதும், விழும் வேகத்தோடு, மடங்கிய ஒற்றை முழங்காலில் வந்து இறங்குகிறது. வலி உள்ளவர்கள் மலை உச்சியில் அழுவதில்லை, சகோதரி. பாதி இறக்கத்தில்தான் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் மனைவியோடு அப்படி ஒருமுறை, ஏற எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்து இறங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த மலையாக இருந்தாலும், கூட வருபவர்களில் யாருக்குக் கால் பலவீனமோ அவருடைய இறக்கத்தை வைத்தே நான் நேரம் குறிக்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்குப் பொருத்தமானது லெ பூஸ். உயரத்தில் மூன்றாவதாக, 812 மீட்டர் நிற்கும் இந்த மலைக்குச் சேன் பியேர் பக்கத்திலிருந்து ஏறினால், வண்டியை விட்டு இறங்கும் இடமே மேட்டுநிலத்தில் இருப்பதால், கால் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ பாதிதான். கரும்புத் தோட்டத்தினூடே தொடங்கும் பாதை (ஆகஸ்டு வெட்டுக் காலம், கரும்பு லாரிகளுக்கு வழி விட்டு வண்டியை நிறுத்துங்கள்) காட்டுக்குள் நுழைந்து, மெல்ல மெல்லச் செங்குத்தாகி, கட்டைவிரல் போன்ற உச்சிக்குக் கீழே ஒரு தோள்மேட்டில் வந்து திறக்கிறது. அங்கே நின்றாலே போர்ட் லூயிஸ் நகரமும் துறைமுகமும் காலடியில் கிடக்கும். ஒரு பக்கம் தலையில் பாறையைச் சுமந்துகொண்டு பீட்டர் போத் மலை நிற்கும். அண்ணி அங்கேயே உட்கார்ந்து காற்று வாங்கலாம். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மற்றவர்கள் கடைசிப் பாறையேற்றத்தை முடித்துவிட்டு அவரிடம் திரும்பலாம். குடும்பம் முழுவதும் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிகிற ஏற்றம் இதுபோல் வேறொன்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவந்த சார்லஸ் டார்வின், 1836-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இதே மலையில் ஏறினார். மலையின் நகரப்பக்க அடிவாரத்தில் 'திராங்கபார்' என்ற பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் நம் தரங்கம்பாடி என்பதையும் உங்கள் அண்ணனுக்குக் காட்டிக்கொடுங்கள், மகிழ்ந்துபோவார்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அண்ணிக்கு ஓர் ஊன்றுகோல், எல்லோருக்கும் காற்றுத் தடுக்கும் மேல்சட்டை வேண்டும். நம் தீவில் ஆகஸ்டும் வெயில்காலம் என்றே எண்ணி எல்லோரும் வருகிறார்கள். சென்னை உடம்புக்கு மலைமேல் அந்தக் காற்று நன்றாகவே குளிரும்.

கேள்வி: நான் போர்ட் லூயிஸில் வேலை பார்க்கிறேன். அலுவலகச் சன்னலிலிருந்து லெ பூஸ் தெரிகிறது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து நாலரை மணிக்குக் கிளம்பி, உச்சியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: தம்பி, ஏறுவதற்கு நேரம் போதும், இறங்குவதற்குப் போதாது. டிசம்பரில் நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்னால் மறைகிறது. நம்மைப்போல் வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு அந்திவெளிச்சம் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. மரநிழலில் அதற்கும் முன்பே பாதை மறைந்துவிடும். கைப்பேசி விளக்கை நம்பிப் போகிறவர்கள், செங்குத்தான இடத்தில் இரண்டு கையும் பாறைக்கு வேண்டியிருப்பதை அங்கே போனபின்தான் உணர்கிறார்கள். அவசியம் போகத்தான் வேண்டும் என்றால், ஆளுக்கொரு நெற்றிவிளக்கோடு, அந்தப் பாதையில் பகலில் பலமுறை இறங்கிய ஒருவரை முன்னால் விட்டுப் போங்கள். என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போவதே மேல். நேரம் தவறினாலும் வெளிச்சம் கூடிக்கொண்டே வரும்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையையும் கணக்கில் எடுங்கள். 2013-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி கொட்டிய மழையில் நகரம் வெள்ளக்காடாகிப் பதினொரு பேர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று கரையுடைத்துப் பாய்ந்த லெ பூஸ் ஓடைக்கு நீர் இறங்கி வந்தது அந்த மலைச்சரிவுகளிலிருந்துதான். வானிலை நிலையம் கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தால், காலையில் வானம் தெளிந்திருந்தாலும் மலைக்குப் போகாதீர்கள். ஏறத் தொடங்கியபின் மேகம் கவிந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். யாருக்காவது அடிபட்டால் சாமு அவசர மருத்துவ உதவிக்கு 114, காவல் துறைக்கு 999. கைப்பேசியில் மின்னேற்றம் பாதிக்குக் குறையாமல் மேலே கொண்டுபோவது நல்லது.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் பத்து நாள் விரதம் இருந்து, கோர் த கார்த் மலைக் கோவிலுக்கு வெறுங்காலோடு காவடி எடுக்கிறேன். பூங்கா மலைகளிலும் வெறுங்காலோடு ஏறலாம் என்கிறேன்; என் மகன் சண்டை போடுகிறான்.
— ஒரு முருகன் அடியார், ரோஸ் ஹில்

பதில்: ஐயா, உங்கள் கால்களின் உறுதியில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் மகன் சொல்வதே சரி. கோவிலுக்கு ஏறுவது கட்டிய படிகளில். அங்கே உங்கள் கால் எதை மிதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூங்காவில், நாட்டுமரங்களுக்கு இடம் கொடுப்பதற்காகச் சீனக் கொய்யாவை வெட்டி ஒதுக்கிய இடங்களில், விரல் பருமனுள்ள தண்டின் அடிக்கட்டைகள் இலைச்சருகுக்கு அடியில் கூராக நின்றுகொண்டிருக்கும்.

செருப்பு வேண்டாம், அடிப்பக்கம் ஆழமாகப் பள்ளம் வெட்டிய காலணி போடுங்கள். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த காலணியை எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் அடிப்பாகத்து நுரைப்பொருள் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகிறது. பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். என் தங்கை மகனுக்கு அப்படித்தான் உச்சிக்குச் சற்றுக் கீழே அடிப்பாகம் முழுதாகப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. என் துண்டைக் கிழித்துக் கட்டி, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வோர் அடியாக அவனை இறக்கினேன். புறப்படும் முன் காலணியை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: லெ மோர்ன் மலை ஏறிய படங்களை என் தோழி காட்டினாள். நாங்களும் பிள்ளைகளோடு போக நினைக்கிறோம். ஆனால் அங்கே உல்லாசமாகப் போவது தவறு என்று மாமியார் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகி, வாக்குவா

பதில்: மாமியார் சொல்வதை நான் மதிக்கிறேன்; போகக் கூடாது என்று மட்டும் சொல்லமாட்டேன். 556 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை, கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். அதனால்தான் யுனெஸ்கோ 2008-இல் அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1835-இல் விடுதலைச் செய்தியோடு வந்தவர்களை, தங்களைப் பிடிக்க வந்த படை என்று எண்ணி, பலர் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் தென்னிந்தியரும் இருந்தார்கள் என்பதால், அது நமக்கும் சொந்தமான துக்கம். அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 1-உம் நம் தைப்பூசக் காவடியும் சில ஆண்டுகளில் ஒரே நாளில் வருவதும் உண்டு.

பிள்ளைகளோடு போங்கள், பாட்டு ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பொதுமக்களுக்கான பாதை உண்மையான உச்சிவரை போவதில்லை. அதற்குக் கீழே சிலுவை நட்டிருக்கும் இடத்தோடு முடிகிறது. அதன் பின்பாதி கையும் காலும் சேர்த்து ஏற வேண்டிய பாறை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் உயரத்தைக் கண்டு நடுங்குகிறவர்களையும் அங்கே ஏற்றவே வேண்டாம். ஏறிய பாறையில் இறங்கும்போது முகத்தைப் பாறைப்பக்கம் திருப்பி, ஒரு கால் நிலைத்தபின் மறுகால் எடுக்க வேண்டும்; பழகிய வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால் எந்தப் பிடியில் கால் வைப்பது என்று கீழே நின்று சொல்வார். சரிவுகளில் சிவப்பு மணிபோல் தலைகீழாகத் தொங்கும் பூவைக் கண்டால் பறிக்காமல் காட்டுங்கள். அதுதான் நம் தேசிய மலர், 'பூக்கிள் தொரெய்'.

முன்பாதி அகலமான மண்பாதை, சிறுவர்களுக்கும் எளிது. அதன் முடிவில் தெரியும் கடலையும் பவளத்திட்டையும் பார்ப்பதற்காகவே போகலாம். மாமியாருக்குக் கால் தாங்கும் என்றால் அதுவரை அவரையும் அழைத்துப் போங்கள். அந்த மலையின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும்.