நிலவில் எங்கிருந்து வந்தது புகார்மூட்டம்?

அன்புள்ள சேர்,

நான் ஆரையம்பதி. உயர்தரத்துக்குச் சித்திரம் படித்தேன். போஸ்டர் கலரில் விஞ்ஞானப் புனைகதைப் படங்கள் கீறுவேன். "இந்தக் காலத்திலும் கடதாசியா?" என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள். இத்துடன் உள்ள நிலவு நகரப் படத்தை மச்சானின் டேப்லெட்டில் செய்தேன். வடிவாக இருக்கிறது, ஆனால் நிலவு மாதிரி இல்லை. எங்கே பிழை? கடதாசியை விட்டுவிடவா?

ஆரையம்பதி வாசகர்

அன்புத் தம்பி,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிழை தூரத்து மலைகளில்தான். அவற்றை வெளிறிய நீலத்தில் கரைத்துவிட்டிருக்கிறீர்கள்.

விடியப்புறம் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். கைக்கெட்டும் இரும்புச் சட்டத்தில் ஆணித்தலை துருவோடு கறுத்துத் தெரியும். நடு வாவியில் தோணி சாம்பல். அக்கரைத் தென்னைகள் வெறும் நீலப் புகை. இடையில் கிடக்கும் காற்றும் ஈரமும் செய்கிற வேலை அது. நிலவில் காற்று ஏது? பல கிலோமீற்றர் தள்ளி நிற்கும் மலையும் பக்கத்துக் கல்லைப் போலத் துலக்கமாகவே தெரியும். அப்பலோ பயணிகள் அங்கே தூரத்தை மட்டுக்கட்ட முடியாமல் திண்டாடினார்கள். நிழலுக்குள்ளும் வான நீலம் கசியாது. அங்கே தூரத்தைக் காட்ட உங்களுக்கு இருப்பது அளவு ஒன்றுதான்: ஒரு ஆள், ஒரு ஏணி, போகப் போக ஒடுங்கும் சக்கரத்தடம்.

டேப்லெட்டில் இருக்கும் சொஃப்ட் பிரஷ், அதாவது ஓரம் மங்கிய தூரிகை, ஒரே இழுப்பில் புகார்மூட்டத்தைத் தந்துவிடும், கேட்காவிட்டாலும் தரும். போஸ்டர் கலர் என்றால் வெள்ளையில் நீலத்தைக் குழைக்கும்போதாவது 'இது எதற்கு?' என்று கை நின்றிருக்கும். (நிற்காமலும் போயிருக்கலாம். உங்கள் வயதில் நான் செவ்வாயில் தென்னை நட்டவன்.)

விண்வெளிக் காட்சிகளை வரைந்த அமெரிக்க ஓவியர் செஸ்லி பொனெஸ்டெல் கட்டடக்கலை படித்தவர், சினிமாவுக்குப் பின்னணி ஓவியம் தீட்டியவர். சனியின் துணைக்கோளான டைட்டனில் நின்று சனியைப் பார்ப்பதாக அவர் தீட்டிய படம் 1944இல் 'லைஃப்' சஞ்சிகையில் வந்தது. கோள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்குப் பார்த்துத்தான் தூரிகையைத் தொடுவார். நீங்களும் பார்க்கலாம்: சனியின் விட்டம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர், டைட்டனிலிருந்து தூரம் 12 இலட்சம். வானத்தில் ஐந்தரைப் பாகைக்குச் சற்று மேல் வரும். நம் நிலா அரைப் பாகைதான். ஆனால் பொனெஸ்டெல் டைட்டன் வானத்துக்கு நீலம் பூசிவிட்டார். 1980இல் வோயேஜர் 1 விண்கலம் கிட்டப் போனபோது கண்டதோ தடித்த செம்மஞ்சள் புகார். உங்களுக்கு இல்லாத காற்று, அவருக்கு இருந்த காற்று, இரண்டிலும் சறுக்கியது ஒரே இடத்தில்தான். அவர் படம் இன்னும் நிற்கிறது, அளவும் வெளிச்சத்தின் திசையும் அதைத் தாங்குகின்றன.

கடதாசியை விடவேண்டாம். பென்சிலில் கீறி, விறாந்தை நிழலில் வைத்துப் போட்டோ எடுங்கள், பிளாஷ் வேண்டாம். ஸ்கேன் என்றால் 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையக் கூடாது. ஏ3 தாள் அதில் 3508க்கு 4961 பிக்சல் வரும். ஒருமுறை ஒரு கடையில் 72இல் ஸ்கேன் பண்ணித் தந்ததைப் பார்க்காமல் அட்டைப்படத்துக்குக் கொடுத்துவிட்டேன். அச்சில் என் விண்கலத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு.

கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருள் இலவசம். பென்சில் படத்தை மேல் லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி) வைத்து, வெள்ளையை மறைத்துக் கோட்டை மட்டும் காட்டும் 'மல்டிப்ளை' போட்டுவிட்டுக் கீழே உள்ள லேயரில் வர்ணம் தீட்டுங்கள். கோடு அழியாது. நகரத்தின் கோணம் பிடிபடாவிட்டால் முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் வெறும் பெட்டிகளை அடுக்கிப் பார்த்துக் கீறலாம், அதுவும் இலவசம். போஸ்டர் கலரில் நிலவு வானம் போடுவதென்றால் ஒன்று: கறுப்பு காய்ந்ததும் வெளிறும். துண்டுக் கடதாசியில் பூசி, காயவிட்டுப் பார்த்த பிறகு தொடுங்கள்.

மலைகள் தனி லேயரில் இருந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்பக் கீறுங்கள். எல்லாவற்றையும் ஒரே லேயரில் தீட்டியிருந்தால், பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, புதுக் கடதாசி எடுப்பதே சுகம்.