புதர் மண்டிய தோட்டத்துக்கு முதலில் எதை வாங்குவது?

கேள்வி: மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். பின்பக்கத் தோட்டம் முழுக்கக் களையும் புதருமாக இருக்கிறது. இருப்பதை எல்லாம் இயந்திரம் வைத்துப் பிடுங்கி, புது மண் கொட்டி, புதுச் செடிகள் நட்டுத் தருவதாக ஒரு ஒப்பந்தக்காரர் சொல்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நாலைந்து வாரம் பொறுங்கள். செத்தது என்று நீங்கள் நினைக்கும் செடிகளில் பல உயிரோடு இருக்கும். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். நுனி காய்ந்தாலும் அடி பிழைத்திருப்பது சகஜம். வருடக்கணக்கில் வேர் பிடித்து நிற்கும் ஒரு செடிக்கு ஈடாக எந்த நர்சரியிலும் ஒன்றை வாங்க முடியாது. அதைக் குப்பையில் போடச் சொல்வதைக் கேட்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இயந்திரத்துக்கு நான் தயங்க இன்னொரு காரணம் கோரை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். உழும்போது சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைக்கும். வெளியிலிருந்து வரும் மண்ணும் தன் பங்குக்குக் களை விதைகளைக் கொண்டுவரும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையாகப் பாருங்கள். தட்டையான அடிமேல் அலகு வந்து அழுத்தும் வகை பச்சைக் கிளையை நசுக்கிவிடும். காய்ந்ததை எல்லாம் வெட்டிவிடலாம். உயிருள்ள கிளைகளில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைவைக்காதீர்கள். ஒட்டுச்செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய துளிர்களை அடியோடு நீக்குங்கள். விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அது அமுக்கிவிடும்.

அடுத்த செலவு மண் பரிசோதனை. எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து கொடுங்கள். மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். இந்த முடிவு கைக்கு வரும் முன் உரம் வாங்குவது வீண்செலவு.

அப்புறமும் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், எந்தச் செடிகள் இருக்க வேண்டும், எவ்வளவு மண் வரும், எங்கிருந்து வரும், கழிவை யார் அகற்றுவது, செடி பட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள்.

கேள்வி: மட்கிய உரம் மூட்டையில் வாங்குகிறோம். தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு தேவைப்படும்?

பதில்: 100 சதுர அடிக்கு ஒரு அங்குல உயரம் பரப்பினால் ஏறக்குறைய 235 லிட்டர் ஆகும். எடையைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள், ஈரம் கூடினால் எடையும் கூடும். லிட்டரில் ஒப்பிடுங்கள்.

நல்ல உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலோ, கையை விட்டால் சூடாக இருந்தாலோ, இன்னும் மட்கவில்லை. சாண உரத்தில் வெளியே தெரியாத ஒரு ஆபத்தும் உண்டு. சில களைக்கொல்லிகள் மாடு தின்ற புல் வழியாகச் சாணத்துக்கு வந்து, மட்கிய பிறகும் வீரியம் குறையாமல் இருக்கும். அதனால் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, தொட்டியில் மண்ணோடு கலந்து நாலு பீன்ஸ் விதை போடுங்கள். மூன்று வாரத்தில் இலைகள் சுருண்டு முறுக்கிக்கொண்டால் அந்த உரம் தோட்டத்துக்கு வேண்டாம். நன்றாக வந்தால் மீதியை வாங்கலாம்.

கேள்வி: வீட்டில் பழைய விதைப் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. தூக்கிப் போடவா?

பதில்: வெங்காய விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கத் தொடங்கும். தக்காளி விதை நன்றாக வைத்திருந்தால் நாலு வருடம்கூடத் தாங்கும். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம், பாதிதான் முளைக்கிறது என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள்.