டெக்சாஸ் ஏஜென்சி டபிள்யூ-9 கேட்கிறது: காட்பாடியில் இருப்பவர் எதை நிரப்ப வேண்டும்?

கேள்வி: காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் கோடிங் செய்கிறேன். டெக்சாஸில் உள்ள ஒரு டிசைன் ஏஜென்சி, தன் கிளையன்ட் வேலைகளில் ஒரு பகுதியை எனக்கு சப்-கான்ட்ராக்டாகத் தருகிறது. மாதம் சுமார் 1,200 டாலர் வரும். இப்போது டபிள்யூ-9 என்றொரு படிவத்தை அனுப்பி, அதை நிரப்பிக் கொடுத்தால்தான் இந்த மாத பில் பாஸாகும் என்கிறார்கள். அதில் ஒன்பது இலக்க எண் கேட்கிறது. என்னிடம் இருப்பது பான் மட்டும்தான். அமெரிக்காவில் இருக்கும் மாமாவின் நம்பரைப் போடலாமா? 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள் என்று நண்பர் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: மாமாவின் நம்பரைப் போடவே போடாதீர்கள். போட்டால் நீங்கள் சம்பாதித்த பணம் அவர் வருமானமாக அங்கே பதிவாகும்; கணக்குக் கேட்டு நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

உங்களுக்கு வந்திருப்பதே தவறான படிவம். டபிள்யூ-9 என்பது அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர்கள், அங்கே பதிவான நிறுவனங்கள் ஆகியோருக்கானது. அதில் கையெழுத்திட்டால் 'நான் அமெரிக்கர்' என்று, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு, எழுதிக்கொடுத்ததாக ஆகும். எண் எழுத ஒன்பது கட்டம்தான் இருக்கிறது; பத்து எழுத்துள்ள பான் அதில் அடங்காததிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஏஜென்சிக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அங்கே எல்லா சப்-கான்ட்ராக்டரிடமும் வாங்கும் காகிதம் அது, பழக்கத்தில் உங்களுக்கும் வந்துவிட்டது.

நீங்கள் தர வேண்டியது டபிள்யூ-8பென். ஒரே பக்கம்தான். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மேல் மூலையில் அக்டோபர் 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று இருக்கிறதா பாருங்கள். தனிநபராக பில் போடுகிறவர்களுக்கு இது. பிரைவேட் லிமிடெட் பெயரில் போட்டால் டபிள்யூ-8பென்-இ என்ற நீளமான படிவம் வேறு. நிரப்பியதை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பக் கூடாது, ஏஜென்சியின் கிளையன்டுக்கும் வேண்டாம். உங்களுக்குப் பணம் தருபவர் ஏஜென்சி, அவர்களுக்கு மட்டும்.

முதல் வரி பெயர். நம் ஊர் இனிஷியல் சிக்கல் இங்கேதான் தொடங்கும். பாஸ்புக்கில் 'எஸ். பிரபு', பான் கார்டில் 'பிரபு சண்முகம்' என்று இருந்தால், படிவத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். கூடவே, வங்கிக் கணக்கில் பெயர் இப்படி இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெயிலில் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் படிவத்தில் ஒரு பெயர், பணம் அனுப்பும் இடத்தில் வேறு பெயர் என்று அவர்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் நிறுத்திவைப்பார்கள்.

இரண்டாவது வரி குடியுரிமை நாடு, இந்தியா. மூன்றாவது வரி நிரந்தர முகவரி: தபால் பெட்டி எண் கூடாது, 'கேர் ஆஃப்' முகவரியும் கூடாது. ஆதாரில் முகவரிக்கு முன்னால் 'எஸ்/ஓ' அல்லது 'சி/ஓ' என்று அப்பா பெயர் அச்சாகியிருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதினால், வேறொருவர் வழியாகத் தபால் வாங்கும் முகவரி என்று எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பலாம். கதவு எண், தெரு, காட்பாடி, வேலூர், பின்கோடு, தமிழ்நாடு, இந்தியா போதும். (2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், ஆற்காடு, வாலாஜா பக்கத்து வாசகர்கள் பலரது ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம்தான், வங்கியிலோ ராணிப்பேட்டை. படிவத்துக்கும் இன்வாய்ஸுக்கும் இப்போதைய மாவட்டத்தையே ஒரே மாதிரி எழுதிவிடுங்கள்.)

நான்காவது வரியில் தபால் முகவரி வேறாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஐந்தாவது வரி அமெரிக்க வரி எண். உங்களிடம் இல்லை, வெற்றாக விடுங்கள். 6ஏ-யில் உங்கள் பான். கையால் எழுதும்போது ஆங்கில 'ஓ'-வும் பூஜ்யமும் குழம்பும். முதல் ஐந்து இடம் எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி எழுத்து என்பதை வைத்துச் சரிபாருங்கள். நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர் பான். நிறுவனத்தின் பானைப் போட்டுவிட்டீர்களா என்பது அந்த ஓர் எழுத்திலேயே தெரியும். 6பி கட்டத்தில் டிக் வேண்டாம். ஏழாவதும் வெற்று.

எட்டாவது பிறந்த தேதி. அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும்: 1994 மார்ச் 7 என்றால் 03-07-1994. நம் வழக்கப்படி 07-03 என்று எழுதினால் நீங்கள் ஜூலையில் பிறந்தவராகிவிடுவீர்கள், பாஸ்போர்ட் நகலோடு ஒத்துப்போகாது. கீழே கையெழுத்துத் தேதிக்கும் இதே முறைதான்.

இனி பகுதி 2. பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்க வருமானம் என்று கருதப்படும் பணம் வெளிநாட்டவருக்குப் போனால் 30 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நண்பர் சொன்னது அது. ஆனால் சேவைக்கான கூலி எந்த நாட்டு வருமானம் என்பதை, வேலை எங்கே செய்யப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. பணம் டெக்சாஸிலிருந்து வந்தாலும், கீபோர்டு காட்பாடியில் இருக்கிறது. அதனால் அது அமெரிக்க மூல வருமானமே அல்ல, பிடித்தம் பூஜ்யம். பூஜ்யத்தைக் குறைக்க, பகுதி 2-ல் கோரும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை எதற்கு? ஆனாலும் பலர் யூடியூப் வீடியோ பார்த்து, பத்தாவது வரியில் 'ஆர்ட்டிகிள் 12, 15 சதவீதம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது ராயல்டி முதலியவற்றுக்கான பிரிவு. யூடியூப் விளம்பர வருமானம் வாங்குபவர் கதை வேறு. நீங்கள் அதை எழுதினால், பிடிக்கவே தேவையில்லாத பணத்தில் 15 சதவீதம் பிடியுங்கள் என்று நீங்களே சொன்னதாகும். பத்தாவது வரியை வெற்றாக விடுங்கள். ஒன்பதாவதை ஏஜென்சி வற்புறுத்தினால் 'இந்தியா' என்று எழுதிக் கொடுக்கலாம், கேடில்லை.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு இன்வாய்ஸிலும், வேலை முழுவதும் இந்தியாவில், வேலூரில் செய்யப்பட்டது என்று ஒரு வரி போடுங்கள். படிவத்தில் அதைச் சொல்ல இடமில்லை. என்றாவது டெக்சாஸுக்கே போய் இரண்டு வாரம் உட்கார்ந்து வேலை செய்தால், அந்த நாட்களின் கூலிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. போகும் முன்பே ஏஜென்சியிடம் பேசிவிடுங்கள்.

பகுதி 3-ல் கையெழுத்துக்கு மேலே ஒரு சிறு கட்டம் இருக்கிறது, கையெழுத்திடும் தகுதி எனக்கு உண்டு என்பதற்கான டிக். படிவம் திரும்பி வந்தால் முதலில் இதைப் பாருங்கள், பலரும் தவறவிடுவது இதைத்தான். பெயரைச் சாய்வெழுத்து ஃபான்ட்டில் டைப் செய்வது கையெழுத்தாகாது. பிரின்ட் எடுத்து நீலப் பேனாவில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். பத்து ரூபாய் வேலை, வாக்குவாதம் மிச்சம். படிவம் கணக்கு எண், பாஸ்போர்ட் எண், அம்மா பெயர் எதுவும் கேட்காது. அவற்றைக் கேட்கும் 'டபிள்யூ-8பென்' மெயிலில் வந்தால் அது மோசடி.

2026-ல் எந்த நாளில் கையெழுத்திட்டாலும் 2029 டிசம்பர் 31 வரை செல்லும். நடுவில் நாடு மாறினால், அல்லது படிவத்தில் சொன்னது ஏதாவது பொய்யாகிவிட்டால், 30 நாளில் ஏஜென்சிக்குத் தெரிவித்துப் புதிதாகத் தர வேண்டும். ஏற்கெனவே டபிள்யூ-9 அனுப்பிவிட்டவர்கள், அதைத் திரும்பப் பெறுவதாக எழுதி, இதைச் சேர்த்து அனுப்புங்கள். ஏஜென்சி உங்கள் பெயருக்கு 1099 படிவம் (கொடுத்த பணத்தை ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிவிப்பது) போட்டுவிட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

'எங்கள் சிஸ்டம் டபிள்யூ-9 மட்டும்தான் ஏற்கும்' என்று பதில் வந்தால், 'நான் அமெரிக்கர் அல்ல, வெளிநாட்டுச் சப்-கான்ட்ராக்டருக்கான படிவத்தை இணைத்திருக்கிறேன், உங்கள் அக்கவுன்டன்டிடம் காட்டுங்கள்' என்று மட்டும் எழுதுங்கள். அக்கவுன்டன்டுக்குப் புரியும்.

அங்கே வரி இல்லை என்றால் இங்கே இல்லை என்று அர்த்தமல்ல. மொத்தமும் உங்கள் இந்திய ரிட்டர்னில் வர வேண்டும். வருமான வரியில் 44ஏடிஏ பிரிவு என்று நாம் பழகிய அனுமான முறைக்குத் தகுதி இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். அந்த முறையில் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. ஒவ்வொரு டாலர் வரவுக்கும் வங்கியில் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று கேட்டு வாங்கி, அந்த மாத இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.