மதுரை–திண்டுக்கல் தினசரிப் பயணத்துக்கு ரயில் சீசன் டிக்கெட் லாபமா?

திண்டுக்கல்லில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது, வீடு மதுரையில், மொத்தமாகக் கட்டணம் கட்டித் தினமும் போய் வரும் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசுக் கணக்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். மாதத்தில் பத்து நாள் போய் வந்தாலே போட்ட பணம் வந்துவிடும். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறவரோடு ஒப்பிட்டால் அதற்கும் முன்பே.

ஆனால் பார்க்க வேண்டியது நேரம். உங்கள் ஷிஃப்டுக்குத் தோதாகக் காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒன்று, அது தவறினால் இன்னொன்று இருக்கிறதா? மாலை வண்டிதான் பலருக்கும் காலை வாரும். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் திரும்ப நேர்ந்தால் சீசனும் தண்டம், பஸ் காசும் தண்டம்.

இன்னொன்று: இரண்டாம் வகுப்பு சீசனை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. ஏறி உட்கார்ந்து, வழியில் கொடைரோடு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) அபராதம் கட்டுபவர்கள் உண்டு. வைகை போன்ற சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் பொதுப் பெட்டியில் போகவும் தனிக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மூன்று மாத சீசனின் விலை மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். மலிவுதான், சரி. ஆனால் பயன்படுத்தாத நாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. வேலையோ ஷிஃப்டோ நிலைக்குமா என்று தெரியாதபோது முதலில் ஒரு மாதத்துக்கு எடுங்கள். அதற்கும் முன்பு, ஒரு வாரம் சாதாரண டிக்கெட்டில் போய் வந்து பாருங்கள்.